வலது பக்கத்துப் பால்

ஒரு கையைத் தலைக்கு மேல் மடக்கி வைத்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே ஒரு துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு, பேசாமல், அசையாமல், ஒரு வேலையும் செய்யாமல் நீங்கள் எப்போதாவது அரை மணி நேரம் கிடந்திருக்கிறீர்களா? கோகிலவாணி கிடந்ததில்லை. இருபத்தேழு வயதில் இதுதான் முதல் தடவை. பிரசவ வார்டில் வலி எடுத்துக் கத்த வேண்டிய நேரத்தில்கூட, "சிஸ்டர், அந்தத் தட்டு ஓரத்துல நிக்குது, உள்ள தள்ளி வைங்க" என்று சொன்னவள் அவள். இங்கே தள்ளி வைக்கச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. சுவரில் ஏ.சி., அதன் கீழே ஒரு ஸ்டூல், ஸ்டூலில் அவளுடைய ஜாக்கெட்டும் சேலையும், மடிக்க விடாமல் நர்ஸ் பெண் வாங்கிச் சுருட்டி வைத்தது. முந்தானை ஒரு முழம் தரையில் தொங்குகிறது. அதை எடுத்துவிடலாம் என்றால் கை தலைக்கு மேலே இருக்கிறது. இடது கை சும்மாதான் இருக்கிறது, ஆனால் அது எட்டாது. எட்டாத முந்தானையையே எவ்வளவு நேரம் பார்ப்பது என்று அவள் மேலே பார்த்தாள். மேலே சதுரம் சதுரமாக வெள்ளை அட்டை. ஒரு சதுரத்தில் தண்ணீர் ஒழுகின பழுப்புக் கறை, ஓரம் கறுத்து, நடுவில் வெளுத்து. இத்தனை பணம் வாங்குகிறவர்கள் அதை மாற்றக்கூடாதா. படுத்துக் கிடக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தானே பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்து அது தங்களுக்குள் இருக்கிறதுதான் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா. "ஜெல் கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்" என்றார் டாக்டரம்மா, அதற்குள் ஊற்றியும் விட்டார்.

புளியங்கொட்டை அளவுதான் இருந்தது முதலில் அந்தக் கட்டி. பதினொரு மாதத்துப் பிள்ளை தன்விகா வலது பக்கம் குடித்துக்கொண்டே தூங்கிப்போன ஒரு மத்தியானம், பிள்ளையின் வாயை விடுவிக்க விரலை வைத்தபோது தட்டுப்பட்டது. பால் கட்டியிருக்கும் என்று நினைத்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். மூன்று வாரத்தில் அது பாக்கு அளவு ஆனது. ஊர் ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்த டாக்டர் என்ன கட்டி என்று சொல்லாமல் சீட்டு எழுதினார். ஈரோட்டுக்குப் போங்கள், புதுசாக ஒரு ஸ்கேன் இருக்கிறது, கட்டி நல்லதா கெட்டதா என்று கத்தி வைக்காமலே ஓரளவு சொல்லிவிடும் என்றார். அப்படித்தான் விடிந்ததும் பஸ் ஏறி வந்தது. புருஷன் சிவசண்முகம் தீவன லாரியோடு கேரளா போயிருக்கிறான். துணைக்கு அவனுடைய அக்கா ருக்குமணி அண்ணி வந்திருக்கிறாள். அண்ணி இப்போது வெளியே பெஞ்சில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பக்கத்திலிருக்கிறவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டு, அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஆளைச் சொல்லி, அந்த ஆளின் குடும்பக் கதையை முடித்திருப்பாள். பிள்ளை அழவில்லை. அழவில்லை என்பதைக் காது எண்ணிக்கொண்டே இருந்தது. ஒன்று, அழவில்லை. இரண்டு, அழவில்லை.

"இது சாதாரண ஸ்கேன் மாதிரிதான்" என்று டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். சின்ன வயசு, மூக்கில் ஒற்றைக் கல், அவளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். "முதல்ல கட்டியோட வடிவம் பாப்பேன். அப்புறம் உள்ள ஒரு சின்ன அலை அனுப்புவேன். கெட்டியான இடத்துல அலை வேகமா ஓடும், மெத்துனு இருக்கற இடத்துல மெதுவாப் போகும். மெத்துன்னா நீலமாக் காட்டும், கெட்டின்னா சிவப்பு." சரிதான், தார் ரோட்டில் நடப்பதற்கும் உழுத காட்டில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று வாணி புரிந்துகொண்டாள். புரிந்ததும் ஒரு சந்தோஷம் வந்தது, அடுத்த நொடியே சிவப்பு என்ற சொல் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. "செவப்புன்னா கெட்டதுங்களா?" "அப்படிச் சொல்ல முடியாது. கெட்ட கட்டி பெரும்பாலும் கெட்டியா இருக்கும். ஆனா செவப்பெல்லாம் கெட்டதும் இல்ல, நீலமெல்லாம் நல்லதும் இல்ல. எல்லாத்தையும் சேர்த்து வெச்சுத்தான் சொல்லணும். நீங்க பேசாம, லேசா மூச்சு விட்டுக்கிட்டு இருங்க." பேசாமல் இருந்தாள். திரையின் ஒரு ஓரம் அவளுக்குத் தெரிந்தது. கழுத்தை அரை அங்குலம் திருப்பினால் இன்னும் கொஞ்சம் தெரியும். சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாக ஓடியது, மேகத்துக்கு நடுவில் கறுப்பாக ஒன்று. அதுதானா. அது அவ்வளவு பெரிதா. அளவு காட்டுகிற கோடு எங்கே. இந்த மாதிரி இருட்டு அறையில் உட்கார்ந்து ஒன்றின் உள்ளே பார்க்கிற வேலையை அவளும் ஆறு வருஷம் செய்திருக்கிறாள், ஆனால் இந்தப் பக்கம் இருந்து இல்லை.

கோழிக்குஞ்சு பொரிக்கிற கம்பெனியில் அவளுக்கு முட்டை பார்க்கிற வேலை. பத்தாவது முடித்த கையோடு சேர்ந்தது. கறுப்புத் துணி கட்டின அறை, மேஜைக்குள் பல்பு, மேஜைப் பலகையில் ஓட்டை. ஓட்டையின் மேல் முட்டையை வைத்தால் அது முழுசாகச் சிவந்து எரியும். உயிர் பிடித்த முட்டைக்குள் நரம்பு சிலந்திக்கால் மாதிரி படர்ந்திருக்கும், நடுவில் கடுகளவு கறுப்பு துடிக்கும். பிடிக்காதது வெறும் வெளிச்சமாக நிற்கும், கூமுட்டை. பிடித்துச் செத்ததில் ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருக்கும், வேறொன்றும் இருக்காது. ஒரு முட்டைக்கு இரண்டு விநாடி. இரண்டு விநாடியில் நல்லது இந்தத் தட்டு, கெட்டது அந்தப் பக்கெட். அவள் கை அந்தக் கம்பெனியிலேயே வேகமான கை. சூப்பர்வைசர் பழனிச்சாமி மற்ற பெண்களிடம் "வாணியைப் பாத்துப் பழகுங்க, பேசிக்கிட்டே பாக்கறா, ஒண்ணுகூடத் தப்பறதில்ல" என்பார். பக்கெட்டில் போட்டதை அவள் திரும்பிப் பார்த்ததில்லை. பக்கெட் நிறைந்தால் வேறு ஆள் வந்து எடுத்துப் போவார்கள், எங்கே கொட்டுகிறார்கள் என்று கேட்டதில்லை. அந்த முட்டைக்கு என்ன தெரியும். சுற்றிலும் திடீரென்று ஒரே வெளிச்சம், ஒரு கை பிடித்துச் சுழற்றுகிறது, அவ்வளவுதான் தெரிந்திருக்கும். இந்த நினைப்பு எதற்கு இப்போது. டாக்டரம்மா கை நின்றது. அவர் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாணி முட்டையை இரண்டு விநாடிக்கு மேல் வைத்துப் பார்ப்பது எப்போது? சரியில்லாதபோதுதான்.

திரையில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. கட்டத்துக்குள் நிறம் வந்தது. அவள் கழுத்தைத் திருப்பினாள். சிவப்பு. புது மிளகாய்ப்பொடி கொட்டினது மாதிரி கட்டம் முழுக்கச் சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். நீலம் எங்கேயும் இல்லை. "கழுத்தைத் திருப்பாதீங்கம்மா. நீங்க நெஞ்சை மேல தூக்கறீங்க." "இல்லீங்க, உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு." "எனக்கு வசதி பண்ணாதீங்க. நீங்க தள்ளுனா இங்க அழுத்தும், அழுத்துனா மெத்துனு இருக்கறதுகூடக் கெட்டின்னு காட்டும். சும்மா இருங்க, அது போதும்." நர்ஸ் பெண் சிரித்தாள், கேலிச் சிரிப்பு இல்லை, இருந்தாலும் வாணிக்கு முகம் சுட்டது. அதான் சிவப்பா. அவள் தள்ளினதுதானா. உடம்பைத் தளர்த்தினாள். தளர்த்துவது இவ்வளவு வேலை என்று யாரும் சொல்லவில்லை. தோளைத் தளர்த்தினால் இடுப்பு இறுகுகிறது, இடுப்பை விட்டால் தாடை கடித்துக்கொள்கிறது. மறுபடியும் கட்டம். மறுபடியும் சிவப்பு. டாக்டரம்மா எண்ணை எழுதிக்கொண்டார். இன்னொரு இடம். சிவப்பு. கட்டி இருக்கிற இடத்தில் மட்டும் இல்லை, கட்டி இல்லாத இடத்திலும். அப்படியானால் எல்லாம் பரவிவிட்டதா. பரவிவிட்டது என்று போன வருஷம் பக்கத்துத் தெரு பேபி அக்காவுக்குச் சொன்னார்கள், சொல்லி நாலு மாதம்தான் இருந்தாள். நாலு மாதத்தில் தன்விகாவுக்கு ஒன்றேகால் வயது, நடப்பாள், அம்மா என்று தெளிவாகச் சொல்வாள், யாரைப் பார்த்துச் சொல்வாள். அண்ணியைப் பார்த்தா. அண்ணி நல்லவள்தான், ஆனால் தலை சீவிவிட்டால் இழுத்துச் சீவுவாள். வீட்டுக்காரருக்கு ரசம் வைத்தால் கொத்தமல்லி காம்போடு போடவேண்டும், அது யாருக்குத் தெரியும். பீரோ சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது, அதுவும் யாருக்கும் தெரியாது. எழுதி வைத்துவிட வேண்டும். எழுந்தால்தானே எழுத. கை மரத்துப்போயிற்று. எழுந்து ஓடிவிடலாம் என்று கால் நினைத்தது. ஜெல்லோடு, துண்டோடு, அந்த முந்தானையைக்கூட எடுக்காமல். கால் அசையவில்லை.

"இது என்னம்மா?" டாக்டரம்மா விரல் நுனியில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். பழுத்துச் சுருங்கி, பழுப்பாகிப்போன ஒரு மல்லிகைப்பூ. தோளுக்குக் கீழே, அக்குள் மடிப்பில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. காலையில் பஸ் ஏறும்முன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தாள். பால் வற்ற மல்லிகை வைத்துக் கட்டுவது ஊர் வழக்கம். நாலு நாளாக மாமியார் முழம் முழமாக வாங்கி வந்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கட்டிவிட்டாள். தலையில் வைத்தால் மணக்கிற பூ, மாரில் கட்டினால் வெந்து ஒரு புளித்த வாடை அடிக்கிறது. கட்டி வந்த மாரில் பால் கெட்டுப்போய்விடும், அந்தப் பால் பிள்ளைக்குப் போனால் நோயும் கூடவே போய்விடும் என்று யாரோ மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பயந்துவிட்டாள், அவ்வளவுதான். பயந்தவள் பிள்ளையைத் தூக்கி வந்து நிறுத்தி, "இவ தலைமேல கை வெச்சுச் சொல்லு அம்மணி, இனிமே குடுக்க மாட்டேன்னு" என்றாள். வாணி கை வைத்தாள். உச்சந்தலையில் அந்த மெத்தென்ற இடம் இன்னும் முழுசாக மூடவில்லை. உள்ளங்கைக்குள் அது துடித்தது. சொன்னாள். சொன்ன அன்று மத்தியானமே பிள்ளை புட்டிப்பாலைத் துப்பித் துப்பி, நாக்கு வறண்டு அழுதபோது, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு இடது பக்கம் கொடுத்தாள். கட்டி வலது பக்கத்தில்தானே, சத்தியமும் வலது பக்கத்துக்குத்தானே என்று மனசுக்குள் ஒரு வழக்குப் பேசி ஜெயித்துக்கொண்டாள். நாலு நாளும் அப்படித்தான். இன்று காலை பஸ்ஸில்கூட, அண்ணி கண்ணயர்ந்த நேரம், முந்தானைக்குள். வலது பக்கத்தை யாரும் தொடவில்லை, பிள்ளையும் தொடவில்லை. அது நாலு நாளாகக் கனத்து, சுட்டு, பாறையாக நிற்கிறது.

"பால் நிறுத்தி ஒரு மாசம் ஆச்சுன்னு எழுதியிருக்கே" என்று நர்ஸ் பெண் சீட்டைப் பார்த்தாள். எழுதச் சொன்னது அண்ணி. வாசலில் கேட்டபோது, வாணி வாயைத் திறக்கும்முன் "அதெல்லாம் நிறுத்தி ஒரு மாசம் ஆச்சுங்க" என்று முந்திக்கொண்டாள், தன் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று காட்டுகிற குரலில். நாலு நாளை ஒரு மாதமாக்கினது அண்ணி, நாலு நாளும் நிறுத்தவே இல்லை என்பதை மறைத்தது வாணி. ஒரு பொய்யின் மேல் இன்னொரு பொய் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதன் அடியில் அவள் கிடக்கிறாள். டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். "ஒரு மாசம்னா இந்த மாதிரி இருக்கக் கூடாதே." சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும். அண்ணிக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், அது பரவாயில்லை, அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், திருப்பியும் நாலு கொடுக்கலாம். ஆனால் தலையில் கை வைத்துச் சொன்னது. வாயால் ஒத்துக்கொண்டால் அது உடைந்துபோனது உறுதியாகிவிடுமே. உறுதியானால் அந்த உச்சந்தலைக்கு ஏதாவது வந்துவிடுமே. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இந்த மிஷின் பார்க்கிறதெல்லாம் சிவப்பு, அந்தச் சிவப்பை எழுதி, கையெழுத்துப் போட்டு, கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இந்தப் பக்கமும் சுவர், அந்தப் பக்கமும் சுவர். அந்த முட்டை மாதிரிச் சிவந்து எரிந்துகொண்டு, ஓட்டின் மேல் ஒரு கையைத் தவிர வேறெதுவும் தெரியாமல்.

அப்போது வெளியே பிள்ளை அழுதது. வேறு யாருடைய பிள்ளையோ என்று ஒரு விநாடி நினைக்கப் பார்த்தாள். மனசு நினைத்தாலும் மாரு நினைக்கவில்லை. உள்ளே ஊசி ஊசியாகக் குத்தி, சுருக்கென்று இழுத்து, இரண்டு பக்கமும் பால் இறங்கியது. இடது பக்கம் துண்டு நனைந்தது. வலது பக்கம், அந்தப் பாறையிலிருந்தும், ஜெல்லுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்து விலாப்பக்கம் ஓடியது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். சத்தியம் பண்ணினது அவளுடைய வாய்தான், மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்படவில்லை. வாணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமா இது, சிரித்தால் மார் குலுங்கும், குலுங்கினால் மறுபடியும் சிவப்பு. சிரிப்பு தொண்டைக்கு வந்து அழுகையாகப் போயிற்று. "குடுக்கறனுங்க" என்றாள் மேல்கூரையைப் பார்த்து, அந்தக் கறையிடம் சொல்கிற மாதிரி. "எடது பக்கம் குடுக்கறனுங்க. காத்தால பஸ்ஸுலகூடக் குடுத்தனுங்க. இந்தப் பக்கந்தான் நாலு நாளாக் குடுக்கல. கட்டி வந்த பாலைக் குடிச்சா புள்ளைக்கும் வந்துருங்களா? அதுக்கு முன்ன மூணு வாரம் இந்தப் பக்கமும் குடிச்சிருக்குதுங்க. அதை மட்டும் சொல்லிருங்க, எனக்கு என்னன்னாலும் அப்பறமாச் சொல்லுங்க."

டாக்டரம்மா கருவியை எடுத்து வைத்துவிட்டு, ஒரு டிஷ்யூவால் அந்த வெள்ளைக் கோட்டைத் துடைத்தார். "வராது" என்றார். "கட்டி எதுவா இருந்தாலும், கெட்டதாவே இருந்தாலும், அது பால் வழியாக் குழந்தைக்குப் போகாது. மூணு வாரம் குடிச்சதுல ஒண்ணும் ஆகியிருக்காது." பிறகு வேறு குரலில், கணக்கு வாத்தியார் மாதிரி, "இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும். நாலு நாள் பால் முழுக்க உள்ள நிக்குது. அதான் எங்க வெச்சாலும் செவக்குது. இதுல கட்டியோட நெறம் எது, கட்டி நிக்கற பாலோட நெறம் எதுன்னு எனக்கே தெரியாது. இப்ப எழுதுனா தப்பா எழுதிருவேன்." "அப்ப அது பால்கட்டிதானுங்களா?" "அப்படி நான் சொல்லல." அவர் அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். "பால்கட்டியாவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதைக் காலி பண்ணிட்டு வாங்க, திரும்பப் பாக்கலாம். அப்பவும் சந்தேகமா இருந்தா ஊசியில கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம். நர்ஸ் தட்டு தருவாங்க, பிழிஞ்சு எடுத்தாலும் சரி. குழந்தை இருக்கே, குழந்தை குடிச்சா இன்னும் சுலபம்." கையை இறக்கலாம் என்றார்கள். கை இறங்க மறுத்து, ஊறி, எறும்பு ஊர்ந்து இறங்கியது. ஜாக்கெட்டைப் போடும்போது பழனிச்சாமி சூப்பர்வைசர் ஞாபகம் வந்தது. சந்தேக முட்டையை அவர் பக்கெட்டில் போட விடமாட்டார். பென்சிலால் ஒரு சுழி போட்டுத் திரும்பப் பொரிக்கிற மிஷினுக்குள் வை, ரெண்டு நாள் கழித்துப் பார் என்பார். சுழி போட்டதில் பாதிதான் பொரிக்கும். பாதி பொரிக்கும். அவள் சேலையைக் கட்டி, முந்தானையின் தூசியைத் தட்டி, தோளில் போட்டாள்.

வெளியே பெஞ்சில் தன்விகா மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள். புட்டி தரையில் உருண்டு கிடந்தது. "என்ன சொன்னாங்கொ? முடிஞ்சுதா?" என்று அண்ணி எழுந்தாள். வாணி பாதியில் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள், பாத்ரூம், பஸ், மல்லிகைப்பூ, சிவப்பு, டாக்டரம்மா சொன்னது. அண்ணியின் முகம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி போயிற்று. "பஸ்ஸுலயா? நான் பக்கத்துல உக்காந்திருக்கறப்பவா? கெட்டிக்காரிதான் போ" என்றாள் கடைசியில். பிறகு குரலைத் தணித்து, "ஒரு மாசம்னு நாந்தான் உளறிட்டேன்" என்றாள். வாணி கையில் நர்ஸ் கொடுத்த எவர்சில்வர் தட்டு இருந்தது. பிழிந்து இதில் விட்டுவிடலாம், யாருக்கும் பயம் இல்லை, சத்தியமும் அப்படியே இருக்கும். டாக்டரம்மா வராது என்றார். படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் படித்தவர்கள் தலையில் கை வைத்துச் சொல்லவில்லையே. தட்டைப் பார்த்தாள்; அதில் அவள் முகம் வளைந்து தெரிந்தது. அந்தப் பாலைக் கொட்டினால் அது கெட்டது என்று அவளே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பார்க்காமல் பக்கெட்டில் போடுவது. "சத்தியம் அண்ணி" என்றாள். அண்ணி பிள்ளையின் தலையைப் பார்த்தாள். அப்புறம் தட்டை வாங்கிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, தன் முந்தானையை விரித்து அவளுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நீ உக்காரு."

உட்கார்ந்தாள். பிள்ளை வழக்கம்போல இடது பக்கம் தாவியது. திருப்பி வலது பக்கம் வைத்தாள். நாலு நாள் மூடியிருந்த கதவைப் பார்க்கிற மாதிரி பிள்ளை பார்த்தது, மூக்கைச் சுளித்தது. மல்லிகை வாடை போகவில்லை. வாய் வைத்தது, வழுக்கியது, விட்டது. கல்லாக இருந்ததை இரண்டு விரலால் அழுத்திக் கொடுத்தாள். இந்த இடத்தில் உதவி பண்ணினால் யாரும் திட்டமாட்டார்கள். பிடித்துக்கொண்டது. முதல் இழுப்பில் கண்ணில் நீர் தெறிக்கிற வலி, கட்டி இருக்கிற இடத்திலிருந்தே கிளம்பி வந்தது. நாலு வாய் குடித்துவிட்டு, அந்தப் பக்கம் போன ஒரு சக்கர நாற்காலியை வேடிக்கை பார்க்கத் தலையைத் திருப்பியது. அறைக் கதவு பாதி திறந்திருந்தது; உள்ளே இருட்டில் அந்தத் திரை எரிந்துகொண்டு காத்திருந்தது. வாணி பிள்ளையின் உச்சந்தலையில், அந்த மெத்தென்ற இடத்தில், உள்ளங்கையை வைத்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இன்னுங் கொஞ்சம் கண்ணு. மிச்சம் வெக்காம முழுக்கக் குடிச்சிரு. உள்ள அந்தம்மா பாக்கோணும்."